பதிவேற்றிய காணொளி ஏன் மங்கலாகத் தெரிகிறது?

தீபாவளி நடனத்தைக் கைத்தொலைபேசியில் துல்லியமாகப் படம்பிடித்தீர்கள். யூடியூபில் பதிவேற்றிய கையோடு நண்பர்களுக்கு இணைப்பை அனுப்பினீர்கள்.

"என்னப்பா, முகமே தெரியலையே!" என்று பதில் வருகிறதா?

கைத்தொலைபேசிமேல் தப்பு இல்லை. காணொளி இன்னும் முழுசாகத் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

பதிவேற்றிய பிறகு என்ன நடக்கிறது?

நீங்கள் அனுப்பிய கோப்பு அப்படியே ஒளியேறுவதில்லை. அதிலிருந்து தளம் புதிய பிரதிகளைத் தயாரிக்கிறது.

1. சுருக்குவது

விநாடிக்கு 30 படங்கள் ஓடும் 1080பி காணொளியைச் சுருக்காமல் அனுப்ப, விநாடிக்குச் சுமார் 1,500 மெகாபிட் தேவை. சுருக்கினால் 8 மெகாபிட்டே போதும்.

எப்படி? நடனத்தில் ஆடுபவர் நகர்கிறார். பின்னால் இருக்கும் திரை அப்படியே இருக்கிறது. எனவே மாறும் பகுதிக்குத்தான் அதிகத் தகவல் சேமிக்கப்படும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்கள் நீக்கப்படும்.

2. பல தரங்களில் பிரதி எடுப்பது

சிறிய திரைக்கும் மெதுவான இணையத்துக்கும் 144பி, 360பி. பெரிய திரைக்கு 1080பி அல்லது அதற்கும் மேல்.

3. துண்டு துண்டாக வெட்டுவது

ஒவ்வொரு பிரதியும் சில விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஆப்பிள் 2009இல் அறிமுகம் செய்த எச்எல்எஸ் முறைக்கு, அந்நிறுவனம் பரிந்துரைக்கும் நீளம் 6 விநாடி. அந்தக் கணக்கில் 2 நிமிடக் காணொளிக்கு 20 துண்டுகள். 6 தரங்கள் என்றால் மொத்தம் 120!

வெட்டுவதால் என்ன லாபம்?

எம்ஆர்டி ரயிலில் பார்த்துக்கொண்டிருக்கும்போது இணையம் மெதுவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த துண்டைச் செயலி குறைந்த தரத்தில் எடுத்துக்கொள்ளும். படம் கொஞ்சம் மங்கும்; ஆனால் நின்றுபோகாமல் ஓடும்.

அப்படியென்றால் முதலில் மங்கலாகத் தெரிவது ஏன்?

யூடியூப் முதலில் குறைந்த தரப் பிரதியைத் தயாரித்து வெளியிடும். உயர்தரப் பிரதிகள் பிறகுதான் வரும். 4கே காணொளிக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

நீங்கள் செய்யவேண்டியவை

• கைத்தொலைபேசியில் உள்ள மூலக் கோப்பையே பதிவேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக வந்த பிரதி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. தளம் அதை மறுபடியும் சுருக்கும். போன நுணுக்கம் திரும்பி வராது.

• முதலில் மற்றவர்கள் பார்க்க முடியாதபடி பதிவேற்றுங்கள். தரப் பட்டியலில் 1080பி வந்ததும் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள்.

• போட்டிக்கோ பள்ளித் திட்டப்பணிக்கோ அனுப்புகிறீர்களா? கடைசி நிமிடம்வரை காத்திருக்காதீர்கள். நடுவர்கள் உடனே திறந்து பார்த்தால், மங்கலான பிரதிதான் அவர்கள் கண்ணில் படும்.