அரபுத் தமிழும் அச்செழுத்தும்

வல்வில் ஓரியின் நாடெனச் சங்கப் புலவர்கள் போற்றிய கொல்லிமலைக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் சென்றிருந்தேன். அங்குள்ள அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உடன் வந்த தமிழாசிரியர் அவ்வெழுத்துகளைப் பற்றி எடுத்துரைத்தார். தமிழ்தான், ஆயினும் மாணவர்களால் ஒரு வரியைக்கூடப் படிக்க இயலவில்லை.

“நம்முடைய மொழியை நாமே படிக்க முடியவில்லையே, ஹஜ்ரத்!” என்று ஒரு மாணவர் வியந்தார்.

“தம்பி, உன் வீட்டு அலமாரியில் உன் நன்னி ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபு இருக்கிறதே, அதையேனும் படிப்பாயா?” என்று கேட்டேன். அவர் தலை கவிழ்ந்தார். கல்வெட்டு மறைந்துபோக நூற்றாண்டுகள் பல ஆயின. அரபுத் தமிழோ இரண்டு தலைமுறைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது?

அரபுத் தமிழ் வேறொரு மொழியன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையே அது. அரபியில் இல்லாத ஓசைகளுக்காக நம் முன்னோர் புதிய வடிவங்களைத் தேடி அலையவில்லை. இருக்கும் எழுத்துகளில் புள்ளியைக் கூட்டினர். தாலின் கீழ்ப் புள்ளியிட்டால் டகரம்; நூனின் கீழ்ப் புள்ளியிட்டால் ணகரம்; ஃபாவின் கீழ்ப் புள்ளியிட்டால் பகரம். எகர ஒகர ஓசைகளுக்கும் தனிக் குறிகள் வகுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) முதலான உலமாப் பெருமக்கள் இவ்வெழுத்தில் அரிய நூல்களை யாத்தனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்மக்கள், தமிழ் நெடுங்கணக்கை அறியாமலே மார்க்கச் சட்டங்களைத் தாய்மொழியில் பயின்றது இவ்வெழுத்தால்தான்.

தமிழ் எழுத்தின் கதை வேறு. 1577இல் கோவாவில் தமிழுக்கு அச்செழுத்து வார்க்கப்பட்டது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் அச்சாயிற்று. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கியமையால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1835இல் அச்சகங்களின் மீதிருந்த தடைகள் நீங்கின. அதன்பின் 1842இல் சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் சீறாப்புராணத்தைச் சுவடியிலிருந்து அச்சேற்றினார். தமிழ் எழுத்துக்கு ஈயம் வாய்த்தது. அதனால் நாமும் பயன்பெற்றோம்.

அரபுத் தமிழுக்கு அது எளிதில் வாய்க்கவில்லை. காரணம் தொழிலிலேயே இருக்கிறது. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து பள்ளமாக்கி, அப்பள்ளத்தில் ஈயக் கலவையை வார்ப்பதே அச்செழுத்துப் பிறக்கும் முறை. அரபு எழுத்துகளில் பெரும்பாலானவை தனிநிலை, முதல், இடை, கடை என நான்கு வடிவம் கொள்வன. அரபுத் தமிழிலோ ஸபர், ஸேர், பேஷ் இன்றி ஒரு சொல்லும் படிக்க வராது. ‘பி’ என்று எழுதப் புகுந்தால் பகரத்தின் புள்ளியும் கீழே, இகரத்தின் ஸேரும் கீழே. இரண்டும் ஒன்றையொன்று மோதாமல் இருக்கக் காதிப் தம் கையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். ஈயத்துக்கோ அந்த இணக்கம் இல்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வார்ப்பு வேண்டும். சில ஆயிரம் வாசகர்களுக்காக அச்செலவை யார் ஏற்பார்?

ஆகவே அரபுத் தமிழ் கல்லச்சை நாடியது. 1796இல் ஜெர்மானியரான செனஃபெல்டர் கண்ட இம்முறையில், எண்ணெய்ப் பசையுள்ள மையால் சுண்ணக்கல்லின் மேல் எழுத்துப் பதியும். கல்லை நனைத்தபின் அச்சுமை எழுத்தில் மட்டுமே பற்றும். எழுதியவரின் கை அப்படியே காகிதத்தில் இறங்கும். சென்னையிலும் பம்பாயிலும் கொழும்பிலும் இவ்வாறே கிதாபுகள் பெருகின.

அரபு எழுத்தும் ஈயத்தில் ஏறப் பெரிதும் பாடுபட்டது. வெனிஸ் நகரில் 1537–38 அளவில் அச்சான குர்ஆனில் புள்ளிகளிலும் உயிர்க்குறிகளிலும் பிழைகள் மலிந்திருந்தன. ஓதத் தெரியாதவர்கள் வடித்த எழுத்து அது. 1820 அளவில் கெய்ரோவில் தோன்றிய பூலாக் அச்சகத்தில் எழுத்தழகு அறிந்தோரும் வார்ப்புத் தொழிலாளரும் ஒருங்கு கூடினர். அதன் பயனாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு செம்மையான நஸ்க் வடிவம் பிறந்தது. உருது நஸ்தலீக்குக்கு 1981 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில்தான் மிர்ஸா அஹ்மத் ஜமீல் தம் கையால் எழுதிய ஆயிரக்கணக்கான எழுத்துக் கோவைகளைக் கொண்டு ‘நூரி நஸ்தலீக்’ என்னும் எழுத்துரு கணினியில் ஏறியது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பெற்ற ‘முஸல்மான்’ என்னும் உருது நாளிதழோ, 21ஆம் நூற்றாண்டிலும் காதிப்களின் கையாலேயே எழுதப்பட்டு வந்தது.

கல்லச்சு அரபுத் தமிழைக் காத்தது. ஆயினும் அதைக் காதிப்பின் கையோடு பிணைத்தும் விட்டது. பள்ளிக்கூடம் தமிழ் எழுத்தைத் தந்தது. அது நமக்குப் பெரும் பேறே, அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் காதிப் மறைந்தபோது, அவர் விட்ட இடத்தில் எழுத்தைத் தொடர வேறு கருவி இல்லாது போயிற்று.

இன்று அக்கருவி இருக்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு அட்டவணையில், கீழ்ப்புள்ளியிட்ட தாலுக்கும் நூனுக்கும் ஃபாவுக்கும் இடமுண்டு. ஆனால் எண் வேறு, வடிவம் வேறு. பூலாக் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு எகிப்தியரான காலித் ஹுஸ்னி ‘அமீரீ’ என்னும் எழுத்துருவை வடித்து, யாவரும் விலையின்றிப் பயன்படுத்த வழங்கியுள்ளார். அது போல நம் கல்லச்சுக் கிதாபுகளை முன்வைத்து, புள்ளிக்கும் ஸேருக்கும் எவ்வளவு இடைவெளி, எகரக் குறி எங்கே அமர வேண்டும் என்றெல்லாம் அளந்து, அரபுத் தமிழுக்கென ஓர் எழுத்துரு வடிக்கப்பட வேண்டும். எழுத்துரு வடிக்கும் இளைஞருக்கு இவ்வெழுத்து தெரியாது. எழுத்தைப் படிக்கும் முதியவருக்குக் கணினி தெரியாது. இருவரும் ஒரே பாயில் அமர்ந்தால்தான் இக்காரியம் நிறைவேறும். வெனிஸில் நேர்ந்த பிழை நமக்கு நேராதிருக்க அதுவே வழி.

அதற்கு மூலமாக வேண்டியவை உங்கள் வீடுகளில் இருக்கின்றன. பழுதுபட்ட கிதாபுகளைக் கண்ணியம் கருதிக் கிணற்றிலும் ஆற்றிலும் இடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு இடுவதற்கு முன் ஒவ்வோர் ஏட்டையும் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்த மூதாட்டி வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு பக்கமேனும் ஓதிக் காட்டச் சொல்லுங்கள். கொல்லிமலைக் கல் ஆயிரம் ஆண்டு பொறுத்திருந்தது. அலமாரியிலுள்ள காகிதம் அத்தனை நாள் பொறுக்காது.