கோட்டின்மேல் எழுதும் சொல்

பொருநை ஆற்றின் அணைக்கட்டுகள் எட்டின் பெயரையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் மாணவரை நம் பள்ளிகளில் காணலாம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பர். கன்னடியன் அணைக்கும் மருதூர் அணைக்கும் என்ன தொடர்பு என்று அடுத்துக் கேட்டால் அதே மாணவர் விழிப்பர். இரண்டும் அணைகள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மேலணை தன் காலில் திருப்பிய நீர் கீழணைக்கு அப்படியே எட்டாது என்பதும், ஆயினும் வயல்களில் வடிந்த நீரில் ஒரு பகுதி மீண்டும் ஆற்றையே சேரும் என்பதும், இவ்விரண்டுக்கும் இடையில்தான் கடைமடை உழவரின் காரும் பிசானமும் ஊசலாடுகின்றன என்பதும் அந்தப் பட்டியலில் இல்லை.

பெயர்களை அறிவது ஒன்று. பெயர்களுக்கு இடையே ஓடுவதை அறிவது வேறு. இந்த இரண்டாவது அறிவைத் தாளிலும் இன்று கணினித் திரையிலும் வரைந்து காட்டும் முறைக்குக் கருத்து வரைபடம் என்று பெயர். (நாளிதழில் வரும் கேலிச்சித்திரத்தைக் கருத்துப்படம் என்கிறோமே, அது வேறு.) இதன் வரலாறு ஐம்பது ஆண்டு வரலாறு என்று கல்வியியலார் கூறுவர். அதன் வேர்கள் நம் திருச்சபையிலும், ஏன், நம் ஆற்றங்கரையிலுங்கூட நெடுந்தொலைவு செல்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் அந்த ஐம்பது ஆண்டுக் கதை. 1971-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்னும் பேராசிரியர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். தொடக்கப்பள்ளிச் சிறுவர் 191 பேருக்கு முதல் இரண்டு வகுப்புகளில் ஒலிநாடா வழியாக அறிவியல் பாடங்கள் கற்பிக்கப்பட்டன. அப்பாடங்களைப் பெறாத 48 பேர் ஒப்பீட்டிற்கு இருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் இச்சிறுவரை அவ்வப்போது அழைத்து உரையாடினர். உரையாடல்களின் எழுத்துப்படிகள் குவிந்தன. குழந்தையின் அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதை அந்தத் தாள் மலையிலிருந்து எப்படிக் காண்பது? இந்த இடர்ப்பாட்டிலிருந்துதான் 1972-இல் கருத்து வரைபடம் பிறந்தது. குழந்தை கூறிய கருத்துகளைக் கட்டங்களில் எழுதினர்; பொதுவானவை மேலே, நுண்ணியவை கீழே. கட்டங்களைக் கோடுகளால் இணைத்தனர். ஒவ்வொரு கோட்டின்மேலும் அத்தொடர்பு இன்னது என்று ஒரு சொல்லை எழுதினர். கட்டம், கோட்டுச் சொல், கட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கூற்று கிடைக்கும். அக்கூற்று சரி என்றோ தவறு என்றோ சொல்ல இயலும். இம்முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நோவாக்குக்கு அடிப்படை தந்தவர் டேவிட் ஆசுபெல் என்னும் உளவியலார். கற்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதே அவர் புதிதாகக் கற்பதை மற்ற எதனையும்விட மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்பது அவர் கொள்கை. இதைப் படிக்கும்போது எனக்கு, பொருநை கடலில் கலக்கும் இடத்திலுள்ள புன்னைக்காயல் நினைவுக்கு வருகிறது. அங்குத் தங்கி முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த அன்ரிக்கே அன்ரிக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சான தம் சிறு நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயரிட்டார். இறைவனைக் குறிக்க இலத்தீனிலிருந்தோ போர்ச்சுக்கீசிலிருந்தோ ஒரு சொல்லை இறக்குமதி செய்யாமல், மக்கள் வாயில் வழங்கிய தம்பிரானைத் தலைப்பிலேயே வைத்தார். கேட்பவர் உள்ளத்தில் முன்பே நிற்கும் கட்டத்தோடு புதிய கட்டத்தை இணைக்கும் செயல் இது. ஆசுபெல் பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு முன்பே இக்கரையில் அது நடந்திருக்கிறது.

திருச்சபையில் வரைபடத்தால் கற்பித்தல் இதனினும் பழமையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரப் பள்ளியின் வேந்தராக இருந்தவர் புவாத்தியே பேதுரு. 1205-இல் மறைந்த இவர், ஆதாம் முதல் கிறிஸ்து வரையிலான மீட்பு வரலாற்றைக் கோடுகளும் வட்டங்களுமாக வரைந்தார். நூல் வாங்க வழியற்ற ஏழைக் குருமாணவர் நலன் கருதியே அவர் இவற்றைத் தோல்களில் தீட்டும் முறையை வகுத்தார் என்று அக்காலத்தை அடுத்து வாழ்ந்த ஒரு துறவி குறித்து வைத்திருக்கிறார். ஒருவர் வரைந்ததைப் பலர் பார்த்துக் கற்கலாம் என்ற எண்ணம் அன்றே இருந்தது. ஏழைகளுக்காக அது எழுந்தது என்பதைக் கல்வியியல் நூல்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

இன்னொன்று, நாம் கோவில் ஓவியங்களில் கண்டிருக்கக்கூடிய திரித்துவக் கேடயம். 1250-ஐ ஒட்டி மத்தேயு பாரிசு என்னும் ஆங்கிலத் துறவி தம் வரலாற்று நூலில் இதை வரைந்துள்ளார். மூன்று முனைகளில் தந்தை, மகன், தூய ஆவி, நடுவில் இறைவன். முனையிலிருந்து நடுவுக்குச் செல்லும் கோடுகளின்மேல் 'ஆவார்' என்ற பொருள்படும் இலத்தீன் சொல். முனைகளை இணைக்கும் கோடுகளின்மேல் 'அல்லர்' என்ற பொருள்படும் சொற்கள். கோட்டின்மேல் சொல் எழுதி, எப்பக்கமிருந்து படித்தாலும் ஒரு கூற்றாகும்படி அமைந்த இதனை நோவாக்கின் இலக்கணப்படியே கருத்து வரைபடம் என்று கூறிவிடலாம். குருமடத்தில் மெய்யியல் பயின்ற எங்களுக்குப் போர்பிரியின் மரம் என்னும் பாகுபாட்டு வரைபடத்தை மணிக்கணக்கில் விளக்கினார்கள். இக்கேடயத்தையோ அழகிய சின்னம் என்ற அளவில் கடந்து சென்றார்கள். மரம் பிரித்துக் காட்டும்; கேடயம் உறவைச் சொல்லும். இரண்டில் அரிது இரண்டாவதுதான்.

தமிழ் மரபிலும் பிரித்து அடுக்கும் கலை ஓங்கி வளர்ந்தது. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என உலகையே வகுத்துவைத்தது. கயத்தாற்றை அடுத்த காமநாயக்கன்பட்டிப் பகுதியில் தம் தொடக்க காலப் பணியைச் செய்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை அமைத்தபோது சொற்களை அகர வரிசைப்படுத்தினார். தேடுவோர்க்கு அது பெரும் நன்மை. ஆயினும் அகர வரிசை உறவினரைப் பிரித்துவிடும். களிறு ஓரிடத்தும் யானை வேறிடத்தும் போய் நிற்கும். முனிவர் இதை உணர்ந்திருக்க வேண்டும். பெயர், பொருள், தொடை என்பவற்றோடு தொகை என்று ஒரு பகுதியையும் வைத்து, ஒன்றாக எண்ணப்படுவனவற்றை அங்கே ஒன்றுசேர்த்தார். திவாகரத்தின் பன்னிரண்டாம் தொகுதியும் இவ்வகையதே. எனினும் தொகை கூட்டி வைக்கும். கூட்டப்பட்டவை தமக்குள் என்ன உறவுடையன என்று பேசாது.

உறவைப் பற்றிப் பேசிய நூல் ஒன்று நம் ஆற்றின் மேற்கோடியிலிருந்து சென்ற ஒருவர் கையால் தமிழுக்கு வந்தது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785-இல் மறைந்த சிவஞான முனிவர், தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். உலகிலுள்ள பொருள் வகை ஏழு என்று அந்நூல் எண்ணுகிறது: திரவியம், குணம், கருமம், சாமானியம், விசேடம், சமவாயம், அபாவம். இவற்றுள் ஆறாவதாகிய சமவாயம் என்பது பிரிக்க இயலாத தொடர்பு. ஏழாவதாகிய அபாவம் இன்மை. தொடர்பையும் இன்மையையும் தனிப் பொருளாகவே எண்ணிய துணிவை எண்ணிப் பாருங்கள். கேடயத்தின் 'ஆவார்', 'அல்லர்' என்னும் இருவகைக் கோடுகளையும் கட்டத்துக்கு நிகராக மதித்த தருக்கம் இது என்று சொல்லலாம். சைவ மடத்து முனிவரும் பாரிசுப் பள்ளி ஆசிரியரும் சந்தித்திருந்தால் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும்.

இனிக் கணினிக்கு வருவோம். தாளில் வரைந்த வரைபடத்தைத் திருத்துவது கடினம். அழித்து அழித்துத் தாள் கிழியும். புளோரிடாவின் பென்சகோலா நகரில் ஆல்பர்த்தோ கான்யாசு முதலானோர் உருவாக்கிய சிமேப் டூல்சு என்னும் மென்பொருள் இக்குறையைத் தீர்த்தது. இலவசமாகக் கிடைக்கும் இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுத்த உடனே, கோட்டின் நடுவில் நான்கு கேள்விக்குறிகள் தோன்றும். சொல்லை எழுதும்வரை அவை அங்கேயே நிற்கும். எந்த மறைக்கல்வி ஆசிரியரும் இத்தனை பொறுமையோடு கேள்வி கேட்டதில்லை!

பகிர்தலே அடுத்த படி. 1980-களின் இறுதியில் தொடங்கி, இலத்தீன் அமெரிக்கப் பள்ளிகளைக் கணினி வலையால் இணைத்த குவோரம் என்னும் திட்டத்தில் கான்யாசு குழுவினர் 'அறிவுக் குழம்பு' என்று ஒரு முறையை வகுத்தனர். மாணவர் தம் வரைபடத்திலுள்ள கூற்றுகளைப் பொதுக் கலத்தில் இடுவர். இட்டவற்றோடு தொடர்புடைய பிறர் கூற்றுகள் அவர்களுக்குத் தென்படும். அடுத்தவர் வரைபடம் முழுவதும் தெரியாது, ஆகவே பார்த்து எழுத வழியில்லை. கொடாதவர்க்குப் பெறுவதற்கும் அதிகம் இல்லை. தொலைதூரத்துச் சிறுவன் ஒருவன் தன் கூற்றை மறுக்கிறான் என்று கண்ட மாணவி, தான் எழுதிய கோட்டுச் சொல்லை மீண்டும் எண்ணிப் பார்ப்பாள். பின்னர் 2004-ஐ ஒட்டிப் பனாமா நாடு தன் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கருத்து வரைபடத்தை நாடளாவிய திட்டமாகவே மேற்கொண்டது.

நம் மாநிலத்தில் நடந்தது வேறு வகை. சென்னையில் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் பள்ளியில் பயின்ற முறைகளைத் தழுவி, 2007-ஐ ஒட்டி நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்னும் முறை வந்தது. அதில் மனவரைபடம் ஒரு கட்டாயப் படி. பாடத்தைப் படித்த பின் ஒவ்வொரு குழந்தையும் தனியே ஒன்று வரையும். பிறகு குழுவாகக் கூடித் தொகுக்கும். நெல்லைச் சீமையின் சிற்றூர்ப் பள்ளிகளிலும் வண்ணப் பென்சில்கள் ஓடின. பகிர்தல் அதில் அழகாகவே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு தலைப்பும் அதிலிருந்து பிரியும் கிளைகளுமாகிய அவ்வரைபடங்களில் கோட்டின்மேல் சொல் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. டோனி பியூசான் பரப்பிய மனவரைபடத்தின் இயல்பே அது. தொகையகராதி வண்ணம் பூசிக்கொண்டு வந்தது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். என் கருத்து அதுவே.

சொல் எழுதாமைக்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று நான் எண்ணவில்லை. நம் மொழியின் அமைப்பும் இடைநிற்கிறது. ஆங்கிலத்திலும் எசுபானியத்திலும் வினை நடுவில் நிற்பதால், கட்டம் கோடு கட்டம் என்ற வரிசை வாக்கியத்தின் வரிசையாகவே அமைந்துவிடும். தமிழில் வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபோ பெயரோடு ஒட்டும். 'மருதூர் அணை', 'நீர்' என்று இரு கட்டங்களை வைத்துக் கோட்டின்மேல் 'தேக்குகிறது' என்று எழுதிப் படித்தால், 'மருதூர் அணை தேக்குகிறது நீர்' என்று முறிகிறது. பெயரெச்சத்தை எழுதினால் 'மருதூர் அணை தேக்கும் நீர்' என்று நன்றாகவே ஒலிக்கும். ஆனால் அது சொற்றொடரே அன்றி முடிந்த கூற்று அன்று. சரி, தவறு என்று தீர்ப்புக் கூற அதில் இடமில்லை. 'ஆவார்' என்ற தொடர்போ இன்னும் மறைவானது. 'தந்தை இறைவன்' என்றாலே தமிழில் வாக்கியம் நிறைவுற்றது. ஆகவே கேடயத்தைத் தமிழில் வரைந்தால் நடுவுக்குச் செல்லும் மூன்று கோடுகளும் சொல்லின்றியே நிற்கலாம். விளிம்பிலுள்ள மூன்றுக்குமட்டும் 'அல்லர்' தேவை. மென்பொருளின் நான்கு கேள்விக்குறிகளுக்கு அங்கே என்ன விடை எழுதுவது?

எங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் இதற்கு ஒரு வழியைக் கையாள்கிறோம். கோட்டின்மேல் பெயரெச்சத்தை எழுதச் செய்து, வாயால் முழு வாக்கியமாகச் சொல்லச் செய்கிறோம். உருபும் முற்றும் வாய்ச்சொல்லில் வந்துவிடும். கணினி ஒன்றே ஒன்று, பெரும்பாலும் கரும்பலகைதான். ஏழு அருட்சாதனங்களையும் எல்லாரும் தடையின்றி ஒப்பிப்பர். திருமுழுக்குக்கும் நற்கருணைக்கும் இடையே கோடு இழுத்து அதன்மேல் எழுதச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. ஒருவன் 'முந்திய' என்று எழுதினான். காலத்தால் அது சரி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நெடுநேரம் எண்ணி 'அழைத்துச் செல்லும்' என்று எழுதினாள். அருகிலிருந்தவள் மறுத்தாள்: "குழந்தையில ஞானஸ்நானம் வாங்கிட்டுப் பிறகு கோவில் பக்கமே வராதவங்களை அது எங்க கூட்டிட்டுப் போச்சு?" அன்றைய பாடம் அத்துடன் நின்றுபோய், அக்கேள்வியே பாடமாயிற்று. பட்டியலை ஒப்பித்த எந்த ஞாயிறும் இப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை.

மறையுண்மைகள் தமக்குள் கொண்டுள்ள தொடர்பால் அவற்றைப் பற்றிய அறிவு வளரும் என்று 1870-இல் முதல் வத்திக்கான் திருச்சங்கம் கற்பித்தது. கிறித்தவ ஒன்றிப்புப் பற்றிய 1964-ஆம் ஆண்டு ஏடு, தன் 11-ஆம் எண்ணில், விசுவாச அடித்தளத்தோடு உண்மைகளுக்குள்ள தொடர்பு பலவாறாக இருப்பதால் அவற்றிடையே ஒரு படிநிலை உண்டு என்கிறது. தொடர்பு, படிநிலை என்னும் இவ்விரண்டுமே நோவாக் கருத்து வரைபடத்துக்கு வகுத்த இலக்கணங்கள். நம் மறைக்கல்வித் தேர்வுத்தாள்களோ இன்றும் 'எத்தனை? எவை?' என்ற வினாக்களாலேயே நிறைந்திருக்கின்றன. வருகிற கல்வியாண்டில் எங்கள் பங்கில் அத்தகைய வினாக்களில் ஒன்றை எடுத்துவிட்டு, இரண்டு கட்டங்களையும் அவற்றின் நடுவே வெறுங்கோடு ஒன்றையும் அச்சிட ஆசிரியர்களோடு முடிவு செய்திருக்கிறோம். மதிப்பெண் எப்படி இடுவது என்பதில்தான் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.