துகளளவு நியமப் பொருட்கள்: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

தூள், மணல், மண் முதலியவற்றின் பருமனை அளக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவும், பிசகியிருந்தால் திருத்தவும் பயன்படுவது துகளளவு நியமப் பொருள். அதன் மதிப்பு முன்கூட்டியே அளந்து அறுதியிடப்பட்டிருக்கும். தராசுக்கு எடைக்கல் எப்படியோ, இக்கருவிகளுக்கு அது அப்படி. எடைக்கல் தலைமுறைக்கும் உழைக்கும். இதுவோ சோதிக்கச் சோதிக்கத் தீர்ந்துபோகும். ஒரு தொகுதி தீர்வதற்குள் அதன் எண்ணை அடுத்த தொகுதிக்குக் கைமாற்றி வந்த கதைதான் இதன் வரலாற்றில் பெரும்பகுதி.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் மானாவாரிக் கரிசல் பூமிக்கும் இந்த ஆய்வகச் சங்கதிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இவ்வட்டாரத்தின் பிழைப்பே நுண்மையைச் சார்ந்தது. மண்ணில் களித்துகள் மிகுதி, விளைந்தது பருத்தி, கரிசலுக்கு அடியிலும் அருகிலும் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலைகள் வந்தன, தீப்பெட்டியும் பட்டாசும் பொடிகளை வைத்தே நடக்கும் தொழில்கள். மண், சிமெண்ட், பஞ்சு, பொடி ஆகிய நான்குக்கும் நுண்மையை அளக்கும் முறை வேறு வேறு. நியமப் பொருளும் வேறு வேறு.

எல்லாவற்றுக்கும் மூத்தது சல்லடை. ஒரு சல்லடையின் கண்ணுக்கும் அடுத்ததன் கண்ணுக்கும் இடையே நிலையான விகிதம் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரியச் சுரங்கப் பொறியாளர் பீட்டர் ரிட்டிங்கர் 1867இல் முன்மொழிந்தார். இரண்டின் வர்க்கமூலத்தை அவர் விகிதமாக எடுத்துக்கொண்டார். இந்தியாவில் சோதனைச் சல்லடைகளுக்கு ஐஎஸ் 460 தரம் உண்டு. ஆனால் தரமுத்திரை பெற்ற சல்லடையும் காலப்போக்கில் கம்பி தளரும், கண் அடைபடும். அப்போது அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைக் கொட்டிச் சலிப்பார்கள். எத்தனை விழுக்காடு இறங்கியது என்பதிலிருந்து கண்ணின் மெய்யான அகலம் தெரிந்துவிடும். அமெரிக்கத் தேசியத் தர அமைவனம் இதற்கென்றே கண்ணாடி மணிகளை விற்றது. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்தில் பொடியின் நுண்மையைப் பேச இன்றும் மெஷ் எண்தான், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான், வழக்கு. 200 மெஷ் என்றால் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்).

தமிழ்நாட்டிலிருந்து நாடு முழுவதற்கும் போகும் நியமப் பொருள் ஒன்று உண்டு: எண்ணூர் மணல். சிமெண்டின் வலிமையைச் சோதிக்க ஒரு பங்கு சிமெண்டுடன் மூன்று பங்கு மணல் கலந்து கட்டி வார்த்து உடைத்துப் பார்ப்பார்கள். மணல் ஊருக்கு ஊர் மாறினால் விடையும் மாறும். முன்பு இங்கிலாந்தின் லெய்டன் பஸ்ஸார்டு மணல் கப்பலில் வந்தது. 1955இல் ஐஎஸ் 650 தரம் வெளியானபின் சென்னைக்கு வடக்கே கடலோரத்து எண்ணூர் மணலே இந்திய நியம மணல் ஆனது. தமிழ்நாடு கனிம நிறுவனம் (டாமின்) இதைக் கழுவிச் சலித்து வழங்குகிறது. வெளிர் சாம்பல் அல்லது வெண்ணிறக் குவார்ட்சாக இருக்க வேண்டும், வண்டல் கூடாது, தட்டையும் நீளமுமான மணிகள் மிகச் சொற்பமாகவே இருக்கலாம் என்று தரம் வரையறுக்கிறது.

தொடக்கத்தில் 850 மைக்ரான் சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் தங்கும் ஒரே பருமன் மணல்தான் ஏற்கப்பட்டது. 1991 திருத்தத்தில் 2 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை, 1 மி.மீ. முதல் 500 மைக்ரான் வரை, 500 முதல் 90 மைக்ரான் வரை என மூன்று தரங்களாகப் பிரித்து, மூன்றையும் சம பங்காகக் கலக்கச் சொன்னார்கள். ஒரு கட்டிக்கு 200 கிராம் சிமெண்ட், ஒவ்வொரு தரத்திலும் 200 கிராம் மணல். கண்டிப்பாகச் சொன்னால் எண்ணூர் மணல் துகளளவுக் கருவியைத் திருத்துவதில்லை. துகளளவு நிலையாக இருப்பதால் மட்டுமே அது நியமப் பொருளாக இருக்கிறது. அந்த உறவினால் இங்கே இடம்பெறுகிறது.

கரிசல் வட்டாரத்தில் இத்தொழில்நுட்பம் ஆழமாக வேரூன்றியது சிமெண்ட் ஆலைகளில்தான். வட்டாரத்தின் தெற்கு ஓரத்தில் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியை ஒட்டிய ராமசாமிராஜா நகரில் 1960களின் தொடக்கத்தில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் எழுந்தது. இன்றைய ராம்கோ அதுவே. 1970இல் அரசின் ஆலங்குளம் ஆலை வந்தது.

சிமெண்டைச் சல்லடையால் மட்டும் அளந்தால் போதாது. 90 மைக்ரான் சல்லடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தங்கக் கூடாது என்பது வேலைத்தளத்துப் பழைய கணக்கு. ஆனால் சிமெண்டை விரைவாக இறுக வைப்பவை ஏறத்தாழ 30 மைக்ரானுக்குக் கீழுள்ள மணிகள். அவையெல்லாம் சல்லடையில் இறங்கிப்போன பகுதியில் இருப்பதால் சல்லடைக்கு அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எனவே ஒரு கிலோ தூளின் மொத்த மேற்பரப்பை அளப்பது என்ற வழிக்கு உலகம் திரும்பியது. 1933இல் வேக்னர் என்பவர் தூள் கலந்த நீர்மத்தின் கலங்கலைக் கொண்டு அளந்தார். 1943இல் அமெரிக்கத் தர அமைவனத்தின் பிளெய்ன், தூள்படுகையின் ஊடாகக் காற்றைச் செலுத்தி அளக்கும் எளிய கருவியை வெளியிட்டார். இன்று இந்திய ஆலை ஆய்வகங்களில் ‘பிளெய்ன் எவ்வளவு?’ என்று கேட்டாலே நுண்மை எவ்வளவு என்றுதான் பொருள்.

கருவி சிறியது. கட்டைவிரல் பருமனுள்ள உலோகக் குழலின் அடியில் துளைத் தகடு. அதன்மேல் வட்டமான வடிதாள். அதன்மேல் எடைபோட்ட சிமெண்ட். மேலே இன்னொரு வடிதாள். உலக்கை போன்ற தண்டால் நிறுத்தம் தட்டும்வரை அழுத்தினால் படுகையின் கொள்ளளவில் சரிபாதி காற்றிடமாக அமையும். குழலை யு வடிவ மானோமீட்டரில் பொருத்தி, ரப்பர் பந்தால் எண்ணெயை மேலே இழுத்து விட வேண்டும். எண்ணெய் இரண்டாம் கோட்டிலிருந்து மூன்றாம் கோட்டுக்கு இறங்கும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தில் குறித்தால் சோதனை முடிந்தது. தூள் நுண்ணியதாக இருந்தால் காற்று திணறும், நேரம் நீளும்.

இந்த நேரம் தனியாக எதையும் சொல்லாது என்பதே இங்கு முக்கியம். மேற்பரப்பு தெரிந்த நியமச் சிமெண்டை அதே குழலில் அதே அழுத்தத்தில் வைத்து அதன் நேரத்தையும் எடுத்தாக வேண்டும். இரு நேரங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் கண்டு நியம மதிப்பால் பெருக்கினால் விடை. எடுத்துக்காட்டாக, அமெரிக்க நியமச் சிமெண்டின் 114க்யூ தொகுதிக்கு அறுதியிட்ட மதிப்பு கிலோவுக்கு 381.8 சதுர மீட்டர். அது 100 விநாடி எடுத்து, ஆலைச் சிமெண்ட் 81 விநாடி எடுத்தால், விகிதத்தின் வர்க்கமூலம் 0.9; ஆலைச் சிமெண்டின் மதிப்பு ஏறத்தாழ 344. இந்தியத் தரத்தில் சாதாரணப் போர்ட்லேண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 225, பொசலானா சிமெண்டுக்கு 300. நியம எண்ணில் பிசகு இருந்தால் அது அன்றைய எல்லாச் சோதனையிலும் சத்தமில்லாமல் ஏறிவிடும். குப்பியைத் திறந்துவைத்தாலே ஈரம் உறிஞ்சும் பண்டம் சிமெண்ட். அதனால்தான் நியமச் சிமெண்ட் சீலிட்ட சிறு குப்பிகளில் வருகிறது. மூடிய புட்டியில் இரண்டு நிமிடம் குலுக்கி, கட்டியை உடைத்து, தூசி அடங்கியபின்தான் எடுப்பார்கள்.

அந்த அமெரிக்க நியமச் சிமெண்டுக்கு 114 என்ற எண் 1934இலிருந்து மாறவேயில்லை. ஒரு தொகுதி தீர்ந்ததும் ஏ, பி, சி என்று எழுத்து மட்டும் மாறும். முந்தைய தொகுதியையும் புதிய தொகுதியையும் பல ஆய்வகங்கள் அருகருகே அளந்து எண்ணைக் கைமாற்றும். இந்த இடைவிடாத சங்கிலி, எந்தத் தனிக் கருவியையும்விடப் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

இந்தியச் சங்கிலியின் தலைக்கண்ணி புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950இல் திறக்கப்பட்ட அதன் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன் இந்த வட்டாரத்துக்குப் பக்கத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். அவ்வாய்வகத்தின் சான்று பெற்ற நியமப் பொருட்கள் ‘பாரதீய நிர்தேஷக் திரவ்யா’ என்ற பெயரில் வருகின்றன. அரியானாவின் பல்லப்கட்டில் உள்ள தேசிய சிமெண்ட் மற்றும் கட்டுமானப் பொருட்கள் குழுமம் அந்த ஆய்வகத்துடன் சேர்ந்து நுண்மைக்கான நியமச் சிமெண்டைத் தயாரிக்கிறது.

பஞ்சிழை துகளல்ல. ஆயினும் காற்றைத் திணறடித்து நுண்மை காணும் அதே உத்தி அங்கேயும் உண்டு. கருவியின் பெயர் மைக்ரோனேர். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தோன்றியது. கருங்கண்ணிப் பருத்தியிலிருந்து ‘கே’ வரிசை ரகங்களை அது வெளியிட்டது. ரகம் நூற்கத் தகுமா என்று பார்க்கும் பொறுப்பு 1924இல் பம்பாய் மாதுங்காவில் அமைந்த தொழில்நுட்ப ஆய்வகத்துடையது. இன்று அதன் பெயர் சிர்காட். மைக்ரோனேர் எண் முதலில் அங்குலத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கருதி வகுக்கப்பட்டது. இழையின் முதிர்ச்சியும் காற்றோட்டத்தைப் பாதிக்கிறது என்று பிறகு தெரிந்ததால் அலகைக் கைவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக அந்த எண்ணுக்கு ஆதாரம் மதிப்பு கட்டிய நியமப் பஞ்சு மட்டுமே. அப்படிப்பட்ட பஞ்சை சிர்காட்டும் தயாரித்து வழங்குகிறது.

மைக்ரானுக்கும் கீழே போனால் செயற்கை உருண்டைகளின் உலகம். 1940களின் இறுதியில் டோவ் நிறுவனத்தின் பாலிஸ்டைரீன் பாலில் இருந்த மணிகள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. விரைவில் அவையே அந்த நுண்ணோக்கிக்கு அளவுகோலாயின. பெரிய மணிகளைச் சீராக வளர்ப்பதற்குப் புவியீர்ப்பு இடைஞ்சல். எனவே 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தில் வைத்து வளர்த்தார்கள். 9.89 மைக்ரான் விட்டமுள்ள அம்மணிகள் 1985இல் விற்பனைக்கு வந்தன. விண்வெளியில் செய்து தரையில் விலைபோன முதல் சரக்கு இதுவே. ஐரோப்பாவோ உருண்டையை நம்பாமல் உடைத்த குவார்ட்சை நியமமாக்கியது. 1980ஐ ஒட்டி வந்த அவ்வரிசையில் ‘பிசிஆர் 66’ என்ற தூள் 0.35 முதல் 3.5 மைக்ரான் வரை பரவியது. உருண்டை அழகானது, உடைந்த கல்தான் நடைமுறைக்கு நெருக்கமானது என்பதால் ஐரோப்பியர் பக்கமே நியாயம் கூடுதல்.

கரிசல் மண்ணுக்கு இரண்டுமே உதவாது. மண்ணியலில் களி என்பது 2 மைக்ரானுக்குக் குறைந்த துகள். சுவீடனின் அட்டர்பெர்க் வகுத்த எல்லை அது. கரிசலில் பொதுவாக 40 முதல் 60 விழுக்காடு களி. அதில் பெரும்பங்கு மாண்ட்மோரிலோனைட் என்ற தகட்டுக் கனிமம். மழையில் ஊதி, கோடையில் ஆள் கால் சிக்கும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பது இதனால்தான். இதைப் பிப்பெட் முறையில் அளக்க, சுக்கான் சுண்ணாம்பை அமிலத்தாலும் மட்கை ஹைட்ரஜன் பெராக்சைடாலும் நீக்கி, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டில் கரைத்து நிறுத்துவார்கள். 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க 20 பாகை நீரில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும்; 30 பாகையில் ஆறரை மணிக்குள் இறங்கிவிடும். கோவில்பட்டி வெயிலில் வெப்பநிலையைக் குறிக்காமல் எடுத்த அளவு செல்லாது.

லேசர் கருவி இதே மண்ணை நிமிடங்களில் அளந்துவிடும். ஆனால் களியைக் குறைத்துக் காட்டும். கருவி துகளை உருண்டை என்று எண்ணிக் கணக்கிடுகிறது. ஒளிபடும் தகடோ தன் உண்மைப் பருமனைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உருண்டை மணியால் எத்தனை முறை சரிபார்த்தாலும் கருவி தேறிவிடும். கரிசலில் மட்டும் தவறும். எனவே மண் ஆய்வகங்கள், நன்கு கலந்து உலர்த்திச் சேமித்த மண் ஒன்றையே உள்ளக நியமமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொகுதிச் சோதனையோடும் அதையும் ஓட்டுகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கனிலிருந்து நடக்கும் வெப்பால் பரிமாற்றத் திட்டத்தில் ஒரே மண் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகிறது. அத்தனை பேரும் தந்த எண்களின் நடுமதிப்பே அந்த மண்ணின் களி அளவாகப் பதிவாகிறது.