'மென்மை' யார் போட்ட கோடு? - டெல்டா-8 வரலாற்றை முன்வைத்து

கஞ்சாவைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. தொட்டாலே பைத்தியம் பிடிக்கும் என்பது காவல்துறையும் ஒழுக்கவாதிகளும் பேசுவது. அரசு தடுக்கிறது, ஆகவே அது கலகம் என்பது நம்ம ஆட்களில் சிலர் பேசுவது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே தர்க்கத்தில் நிற்பவை. செடிக்குள் மாறாத சாரம் ஒன்று இருப்பதாகவும், நல்லது கெட்டதை அதுவே தீர்மானிப்பதாகவும் இரண்டுமே நம்புகின்றன. 2020க்குப் பிறகு அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் கடைகளில்கூடக் கிடைத்த டெல்டா-8 டி.எச்.சி. என்ற 'மென்மையான' கஞ்சாப் பொருளின் கதை இந்த நம்பிக்கையைக் குலைத்துப் போடுகிறது. மென்மை, வன்மை என்று பிரித்தது யார், எதற்காக, எந்த அளவுகோலை வைத்து என்பதுதான் இங்கே கேள்வி.

இப்படிப் பிரிக்கிற வேலை அமெரிக்காவில் தொடங்கியதில்லை. காலனிய இந்தியாவில் அதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து 1893இல் கஞ்சா பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் மக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். இலை என்றால் பாங்கு, பூங்கொத்து என்றால் கஞ்சா, பிசின் என்றால் சரஸ் என்று ஒரே செடி மூன்றாக வகுக்கப்பட்டது. அளவாகப் பயன்படுத்துவதால் பெரும்பாலும் தீங்கில்லை, அளவு மீறினால் தீங்குண்டு, முழுத்தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போதும் என்று 1894 அறிக்கை முடிவு சொன்னது. மனநோய் விடுதிகளின் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் விசாரணை எதுவுமின்றி 'கஞ்சா' என்று எழுதி நிரப்பும் வழக்கத்தையும் அது அம்பலப்படுத்தியது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்வதாக ஃபூக்கோ சொல்வதற்கு இந்தக் கட்டத்தைவிட எளிய உதாரணம் கிடைக்காது. ஆனால் ஆணையத்தை முற்போக்கு என்று கொண்டாடிவிடவும் முடியாது. அரசுக்கு அதில் வரி வருமானம் இருந்தது.

அன்று போட்ட கோடு பிறகு உலகச் சட்டமாயிற்று. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை பூக்கும், காய்க்கும் நுனிகளையே 'கஞ்சா' என்றது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கியது. 1985இன் இந்தியப் போதைப்பொருள் சட்டமும் அதே வரையறையைப் பின்பற்றியது. ஆக உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற கடையில் பாங்கு உருண்டை வாங்குகிறவர் வாடிக்கையாளர். அதே செடியின் பூங்கொத்தோடு பிடிபடுகிறவர் கைதி. 'கஞ்சா கேஸ்' என்ற சொல்லுக்கு இந்த இதழின் வாசகர்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

இனி மூலக்கூறுக்கு வருவோம். செடியின் போதைக்கு முக்கியக் காரணமான டெல்டா-9 டி.எச்.சி.யைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் கண்டறிந்தார்கள். டெல்டா-8 அதன் உடன்பிறப்பு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். இரட்டைப் பிணைப்பு ஒன்று ஓரிடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மூளையில் டெல்டா-9 பற்றிக்கொள்ளும் அதே ஏற்பியைத்தான் இதுவும் பற்றுகிறது, சற்றுத் தளர்வாக. 1973இல் லியோ ஹோலிஸ்டர் மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் வீரியம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்றார். 1995இல் ஜெருசலேமில் புற்றுநோய் சிகிச்சை பெற்ற எட்டுக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தபோது வாந்தி நின்றது, பக்கவிளைவும் அற்பமாகவே இருந்தது. நம்பிக்கை தரும் முடிவு; ஆனால் எட்டே குழந்தைகள், அதுவும் மருத்துவர் அளந்து கொடுத்த சொட்டுகள்.

'மென்மை' என்ற விளம்பரத்தின் அறிவியல் அடித்தளம் இவ்வளவுதான். மூன்றில் இரண்டு பங்கு வீரியமுள்ளதை ஒன்றரை மடங்கு தின்றால் மென்மை எங்கே போயிற்று? வாய் உலர்தல், கண் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு, காலம் குழம்புதல், பதற்றம் எல்லாம் இதிலும் உண்டு. தின்றால் ஏறுவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஒன்றுமே ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். வேலைக்கு எடுக்கும்போது செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை எட்டுக்கும் ஒன்பதுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

இது சந்தைக்கு வந்த விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. அமெரிக்க காங்கிரஸ் 2018 டிசம்பரில் நிறைவேற்றிய வேளாண் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 அளவு 0.3 சதவீதத்துக்கு மிகாத செடியையும், அதிலிருந்து பெறப்படும் பொருள்களையும் 'ஹெம்ப்' என்ற பயிராக்கி, தடைப்பட்டியலிலிருந்து விடுவித்தது. இந்த 0.3 எங்கிருந்து வந்தது? 1976இல் எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் குரோன்குவிஸ்டும் தாவர வகைப்பாட்டுக்காக வசதி கருதிப் போட்ட கோடு அது. தன்னிச்சையானது என்று அவர்களே ஒப்புக்கொண்டது. உடலுக்கு எது தீங்கு என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சிறைக்கும் கடைக்கும் நடுவே அதுவே சுவராயிற்று.

சுவரில் ஓட்டை இருந்தால் மூலதனம் சும்மா விடுமா? 2018க்குப் பிறகு ஹெம்ப் பயிரிட எல்லோரும் பாய்ந்தார்கள். அதிலிருந்து எடுக்கும், போதை தராத சி.பி.டி. தேங்கி விலை சரிந்தது. சி.பி.டி.யை அமிலத்தோடு சேர்த்தால் டி.எச்.சி. வகைகளாக மாறும் என்பது 1940களில் ரோஜர் ஆடம்ஸ் காட்டிய பழைய வேதியியல். செடியில் டெல்டா-8 துளியளவே உண்டு. கடையில் விற்றது பெரும்பாலும் தேங்கிய சரக்கைத் தொட்டியில் மாற்றி எடுத்தது. சட்டம் ஒன்பதைத்தானே சொன்னது, எட்டைச் சொல்லவில்லையே என்பது வியாபாரியின் வாதம். 2022இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. விநோதம் என்னவென்றால், கஞ்சாவையே அனுமதித்த கொலராடோ 2021இல் இந்த வேதிமாற்றத்தைத் தடுத்தது; கஞ்சா குற்றமாக இருந்த டெக்ஸாஸில் நீதிமன்றத் தடையாணையின் துணையோடு டெல்டா-8 விற்பனை தொடர்ந்தது.

ஆபத்தின் இடமும் இதனால் மாறிவிட்டது. மூலக்கூறைவிட, அது வருகிற டப்பாவைப் பற்றித்தான் அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. மிஞ்சிய அமிலம், இனம் தெரியாத துணைப்பொருள்கள், மேலே ஒட்டிய அளவுக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தமின்மை, குழந்தைகளைக் கவரும் ஜெல்லி மிட்டாய் வடிவம். 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி இறுதிவரை அங்குள்ள நச்சுத் தகவல் மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக 2,362 தகவல்கள் வந்ததாக உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அவற்றில் 41 சதவீதம் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். 1995இல் எட்டுக் குழந்தைகளுக்கு உதவிய அதே பொருள்தான் இது. இடையில் மருத்துவர் போய் வியாபாரி வந்துவிட்டார்.

2025 நவம்பரில் காங்கிரஸ் கோட்டை நகர்த்தியது. எல்லா டி.எச்.சி.யும் கணக்கில் வரும், தொழிற்சாலையில் மாற்றியெடுத்தவை ஹெம்ப் ஆகாது, ஒரு டப்பாவில் மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது. நடைமுறைக்கு ஓராண்டு அவகாசம் தந்தது. சர்வதேசச் சட்டத்தில் அந்த ஓட்டை முன்பும் இல்லை. 1971இன் ஐ.நா. உளப்பொருள் உடன்படிக்கை டெல்டா-8ஐயும் பட்டியலிட்டிருக்கிறது. 'மென்மையானது, சட்டபூர்வமானது' என்று வெளிநாட்டுப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை நம்பி இங்கே கொண்டுவருகிறவரை அந்த அச்சு காப்பாற்றாது.

அங்கே சதவீதம் என்றால் நம் சட்டத்தில் கிலோ. வீரியம் என்ன என்று பார்க்காமல் எடை பார்க்கிறார்கள். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. சதவீதமும் கிலோவும் அதிகாரிக்கு எண்ண வசதியானவை; உட்கொள்கிறவரின் உடலுக்கு என்ன ஆகிறது என்பதை இரண்டுமே அளப்பதில்லை. தடையை எதிர்ப்பவர்கள் சந்தையைக் கூட்டாளியாக நினைத்தால் கிடைப்பது டெல்டா-8 மிட்டாய்தான். சந்தைக்குப் பயந்து தடையிடம் போனால் கிடைப்பது கஞ்சா கேஸ். சிகிச்சைக்கு வழி, விற்கிறவன் மீது கட்டுப்பாடு, உட்கொள்கிறவனுக்குச் சிறையிலிருந்து விடுதலை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்கிற ஒரு கோரிக்கையை நம் இயக்கங்கள் ஏன் இன்னும் எழுதவில்லை?