பாலாற்று நீரும் தங்கவயலும்

தங்கவயல் என்றதும் பொன்னை நினைப்போர் பலர். தண்ணீரை நினைப்போர் சிலரே. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நம் முன்னோர் நெருக்கமான லைன் வீடுகளில் குடியேறினர்.

1894-இல் ஹாங்காங்கில் பரவிய பிளேக் நோய், 1896-இல் பம்பாயையும் 1898-இல் பெங்களூரையும் பற்றியது. கப்பலேறி வந்த நோய் பின்பு ரயிலேறியது. (ரயில்வே ஊழியராகிய நமக்கு இது சற்று உறுத்தவே செய்கிறது.) 1897-இல் வெனிஸ் நகரில் பல நாட்டார் கூடி இந்நோயைத் தடுக்க உடன்படிக்கை செய்தனர். அவ்வாண்டிலேயே ருஷ்யப் பேரரசில் பிறந்த ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பூசி கண்டார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் எழுந்ததும் இவ்வழியிலேயே.

நமக்கோ பேத்தமங்கலம் ஏரியே உயிர் காத்தது. அங்குத் தேங்கிய பாலாற்று நீரை வடிகட்டிக் குழாய் வழியே மேட்டுக்கு ஏற்றினர். வேலூர்ப் பக்கம் விட்டு வந்த ஆற்றையே இங்கும் பருகினோம் என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் இரு கட்டம் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்புகிறது. நிலத்தடி நீர் கெடாதிருக்க மூன்றாம் கட்டமும் வேண்டுமென்று விவசாயிகள் நீதிமன்றம் ஏறினர். அவர்கள் கேட்டது நம் குடத்துக்கும் சேர்த்துத்தான்.