லீவ் லெட்டரைத் தாண்டி இங்கிலீஷ் எழுத வரலையா? காசில்லாமல் கத்துக்க இணையத்தில் வழி இருக்கு!

சென்னை: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்த லீவ் லெட்டரோடு பலருக்கு இங்கிலீஷ் எழுதுவது நின்றுவிடுகிறது.

பேசுவதைக்கூட கை ஜாடை காட்டி சமாளித்துவிடலாம். மாட்டிக்கொள்வது எழுதும்போதுதான். அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ ஆபரேட்டராக இருப்பவர் சூப்பர்வைசர் ஆகணும்னா ஷிப்ட் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்ப வேண்டி வரும். மெஷின் வேலை அவருக்கு அத்துபடி. ஆனால் ‘2 மணிக்கு மெஷின் நின்றது, பெல்ட் மாற்றினோம்’ என்று இங்கிலீஷில் எழுதத் தெரியாததால் பக்கத்தில் இருக்கும் சின்னப் பையனுக்கு அந்த வேலை போய்விடுகிறது.

இதுக்காக ஆயிரக்கணக்கில் பணம் கட்டி கோச்சிங் சேருவதற்கு முன், கையில் இருக்கிற செல்போனில் என்ன கிடைக்குதுன்னு பாருங்க.

எங்கே இடிக்குது?

நம்ம ஆட்கள் செய்யும் தப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தமிழில் நினைத்து அப்படியே இங்கிலீஷில் போடுவதால் வருவது.

‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதுகிறோம். ‘ஐ டிட் நாட் கோ’ என்பதே சரி. ‘டிட்’ வந்தாலே நடந்து முடிந்த காலம் வந்தாச்சு. தமிழில் மட்டும் ‘போனேன்இல்லை’ என்றா சொல்கிறோம்? ‘போகவில்லை’ தானே! அதேபோல ‘டிஸ்கஸ் அபவுட்’ வேண்டாம், ‘டிஸ்கஸ்’ போதும். ‘பற்றி’ அதுக்குள்ளேயே இருக்கு. ‘ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பயோடேட்டாவில் எழுதாதீங்க. ‘ஐ ஹேவ்’ என்றால் முடிந்தது.

ரொம்பப் படுத்துவது ‘ஏ’, ‘த’ இரண்டும்தான். தமிழில் இவை இல்லையே! முதல் தடவை சொல்லும்போது ‘ஏ மெஷின்’. எந்த மெஷின் என்று படிப்பவருக்குத் தெரிந்த பிறகு ‘த மெஷின்’. பாதி இடங்களுக்கு இந்தக் கணக்கு உதவும். மீதிக்குப் பயிற்சி வேணும்.

எங்கே பார்ப்பது?

அந்தப் பயிற்சிக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலீஷ்’ இணையதளம் நல்லது. இலக்கணத்தை ஏ1, ஏ2 என்று எளிதில் இருந்து கடினம் வரை படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் இலவச டெஸ்ட் ஒன்று எழுதி நம்ம படி எதுன்னு தெரிஞ்சுக்கலாம். அவர்கள் நடத்தும் வகுப்பில் சேர பணம் உண்டு. இணையதளத்தில் இலக்கணப் பாடத்துக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்காதீங்க. காதால் கேட்டுப் பழக விரும்புறவங்களுக்கு பிபிசியின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ இருக்கு. பஸ்ஸில் போகும்போது கேட்கலாம்.

அகராதி பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கு. தமிழ் அர்த்தம் மட்டும் பார்த்தால் வாக்கியம் அமைக்க வராது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் கற்பவர்களுக்கான அகராதியை இணையத்தில் சும்மாவே தருகின்றன. உதாரண வாக்கியம், உச்சரிப்பு எல்லாம் இருக்கும். ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்யூப்மென்ட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் ‘ஸ்’ சேர்க்கக் கூடாது என்பதும் அதிலேயே குறித்திருக்கும். எத்தனை ஆபீஸ் போர்டில் இந்தத் தப்பு தொங்குது தெரியுமா?

எழுதியதைத் திருத்த ஆள் இல்லையா? கேம்பிரிட்ஜின் ‘ரைட் அண்ட் இம்ப்ரூவ்’ தளத்தில் ஒரு தலைப்பை எடுத்து எழுதி அனுப்பினால், தப்பான இடத்தைக் காட்டி நம்ம நிலை என்னன்னு சொல்லும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஆவ்ல்’ தளமும் பெயர் பெற்றது. ஆனால் அது காலேஜ் மாணவர்களுக்கானது. இப்போதுதான் தொடங்குறவங்க அங்கே போய் மலைச்சுப் போக வேண்டாம்.

அதுக்குப் பதிலா நம்ம ஊர் 6, 7-ம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமே போதும். தமிழ்நாடு பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமா இறக்கிக்கலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிள்ளையோட உட்கார்ந்து படிச்சா அதுக்கும் பாடம் ஆச்சு.

ஏஐ இருக்கே...

2022 நவம்பரில் சாட் ஜிபிடி வந்த பிறகு, ‘லெட்டர் எழுதிக் கொடு’ன்னு கேட்டா அரை நிமிஷத்தில் எழுதித் தருது. அவசரத்துக்கு சரி. ஆனால் இன்டர்வியூவில் பேப்பரைக் கொடுத்து எழுதச் சொன்னா செல்போனைத் தொட முடியாது. அதனால முதலில் நீங்களே எழுதுங்க. பிறகு, ‘தப்பை மட்டும் காட்டு, ஏன் தப்புன்னு தமிழில் சொல்லு’ன்னு கேளுங்க. அதுவும் சில நேரம் தப்பா விளக்கும். சந்தேகம் வந்தா அகராதியில் சரிபாருங்க. ஆதார் எண், பேங்க் கணக்கு எண் இருக்கிற லெட்டரை அப்படியே அதில் போடவே கூடாது.

சான்றிதழ் வேணும்னா மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் இங்கிலீஷ் பாடங்கள் உண்டு. படிக்கக் காசில்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ‘இலவச சர்டிபிகேட் தர்றோம், ஓடிபி சொல்லுங்க’ன்னு யாராவது போன் பண்ணினா உடனே கட் பண்ணுங்க.

வீட்டில் படிக்க இடம் இல்லாதவங்க, 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ போகலாம். உள்ளே போய்ப் படிக்கப் பணம் கிடையாது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் படிக்கவும் அங்கே தனிப் பகுதி இருக்கு.