தோட்ட வாரியத்தில் பன்னிரண்டு பேர்



பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலை நம்மில் பலர் தினமும் கடந்து போகிறோம். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் உள்ளே அழைத்துப் போய், "இதுதான் குடவோலைக் கல்வெட்டு" என்று காட்டுகிறோம். தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் அந்தத் தேர்தல் எந்த வேலைக்கு ஆள் எடுக்க நடந்தது என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் பேச்சை மாற்றிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

விவரம் தெரிந்தபோது எனக்கு நம் வளாகத்தின் காம்பவுண்டுச் சுவர் ஓரம் நிற்கும் பச்சை வேலிதான் நினைவுக்கு வந்தது. அந்த வேலிக்கான செக்கில் பொருளாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கல்லில் உள்ள கணக்கு

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-ல், முதல் கல்வெட்டு வெட்டப்பட்டது. அதில் குறைகள் இருந்திருக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 921-ல், திருத்திய விதிகளோடு இரண்டாவது கல்வெட்டு வந்தது. பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். வந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். எங்கள் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். கை விரிந்திருந்தால் எதையும் மாற்றி வைக்க முடியாது.

இப்படி 30 குடும்புக்கு 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர் ஏரி வாரியம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியாக இருந்தன. எல்லா வாரியத்துக்கும் பதவிக் காலம் 360 நாள்.

இதில் நான் இரண்டு முறை திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. ஊர்ப் பொது நிர்வாகத்தைக் கவனித்த ஆண்டு வாரியத்துக்கு யாரை எடுப்பது? முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை செய்தவர்களை, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களை எடுக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக் கற்றவன்தான் ஊரைப் பார்க்கலாம். இன்று நாம் தோட்டத்தைக் கடைசியில் வைக்கிறோம். தண்ணீர் மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி எல்லாம் முடிந்த பிறகு, நேரம் மிஞ்சினால் தோட்டம். அவர்கள் அதைப் பள்ளிக்கூடமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊருக்கு ஏரிதான் உயிர். நம் ஊர்ப் பெரிய ஏரிக்கு அந்நாளில் வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்து ஏரி அது. மழை வடகிழக்குப் பருவத்தில் இரண்டு மூன்று மாதம் பெய்யும், மற்ற மாதங்களில் தேக்கிய தண்ணீரை வைத்துக் காலம் தள்ள வேண்டும் என்ற நிலை அன்றும் இன்றும் ஒன்றுதான். அதனால் எந்த மண், எவ்வளவு தண்ணீர், எது பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

பெருமையைச் சொல்லும்போது குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபை பிரமதேய ஊரின் நிலமுள்ள பிராமணர்களின் சபை. சொந்த மனையில் வீடும் வரி கட்டும் கால் வேலி நிலமும் 35 வயதுக்கு மேல் 70-க்குள் வயதும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். ஏரியில் மண் வெட்டியவர், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர், பெண்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. வேலை தெரிந்தவர் ஒரு பக்கம், முடிவு எடுப்பவர் இன்னொரு பக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வேலி விஷயத்தில் நடந்ததும் அதுவே.

நான் கையெழுத்திட்ட செக்

வேலி வைக்கும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். ஆறே மாதத்தில் சுவரை மறைக்கும், தண்ணீர் அதிகம் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது என்றார். செடியின் பெயர் கோனோகார்பஸ். கொட்டேஷன் மூன்று வாங்கி, குறைந்ததை எடுத்தோம். கணக்குப்படி எல்லாம் சரி.

குழி தோண்டும்போது நம் தோட்டக்காரப் பெரியவர் என் பக்கத்தில் வந்து, "சார், சுவர் ஓரம் நொச்சி வச்சாப் போதுமே. ஆடும் தொடாது, கொசுவும் அண்டாது" என்றார்.

"கொட்டேஷன் முடிஞ்சிடுச்சு பெரியவரே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

கோனோகார்பஸ் சோமாலியா, ஏமன் பக்கத்துக் கடலோரத்தைச் சேர்ந்த மரம். வளைகுடா நாடுகளில் சாலையோரம் நிறைய வளர்த்தார்கள், அங்கிருந்து இங்கே நாகரிகமாக வந்தது. மகரந்தம் சளி, இருமல், ஆஸ்துமா, ஒவ்வாமைத் தொல்லை தருகிறது, வேர் குழாய்களையும் கேபிள்களையும் கெடுக்கிறது என்ற காரணங்களைச் சொல்லி 2023-ல் குஜராத் அரசு அதற்குத் தடை போட்டது. 2025-ல் தமிழக அரசும் அதை நடுவதைத் தடை செய்தது. நம் வேலி இன்னும் நிற்கிறது.

இதற்கு முன்பும் ஏமாந்திருக்கிறோம்

வேகமாக வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு இலையைத் தின்னாது. இதே மூன்று காரணங்களுக்காக இன்னொரு மரத்தையும் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அன்றைய மதராஸ் மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த பெடோம் விதை வரவழைக்கக் கேட்டுக்கொண்டார். 1877-ல் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். விறகுப் பஞ்சம் தீர வேண்டும் என்பது நோக்கம். அதுதான் சீமைக் கருவேலம். இலையைத் தொடாத ஆடு காயை விரும்பித் தின்றது. விதை சாணத்தோடு போய் ஏரி, கால்வாய், தரிசு என்று எங்கும் முளைத்தது. அதை அப்புறப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. 2022-ல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றவும், சூழலை மீட்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. வரவு முதல் ஆண்டில் தெரிந்தது, செலவு நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

சரியாகக் கணக்குப் போட்டவர்களும் நம் பக்கத்தில்தான் இருந்தார்கள். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளைக் காத்தார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டவர்களைப் பற்றிப் புகார் சொல்லி, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்புக் கவுல் வாங்கினார்கள். தண்ணீரில் நின்றும் அழுகாத நீர்க்கடம்பு அந்த ஏரியின் மரங்களில் ஒன்று. மரம், பறவை, ஏரி, வயல் நான்கையும் ஒரே பேரேட்டில் எழுதியிருந்தார்கள்.

மறந்ததைத் திரும்பக் கற்ற இடங்கள்

சோழமண்டலக் கரையின் இயற்கைக் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். பெயர்தான் நீளம், பார்த்தால் குட்டையான, அடர்த்தியான காடு. இலைகள் தடித்துச் சிறுத்திருக்கும், கோடையிலும் பச்சை போகாது. இதில் பெரும்பகுதி விறகுக்கும் வயலுக்கும் போய்விட்டது. மிஞ்சியது பெரும்பாலும் அய்யனார், அம்மன் கோயில்களைச் சுற்றியுள்ள கோயில் காடுகளில்தான்.

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் செம்மண் அரித்துப்போன பொட்டல். அங்கே 1973-ல் உருவாகத் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டில் வேலை செய்தவர்கள், கோயில் காடுகளிலிருந்து விதை எடுத்து நாற்றங்கால் போட்டார்கள். எந்த மரம் எப்போது காய்க்கும், எது எதற்கு மருந்து என்பதைச் சுற்றுக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டுக் கற்றார்கள். பிறகு அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஆனார்கள்.

சென்னை அடையாற்று முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் கழிவுநீரும் நிறைந்து கிடந்த 58 ஏக்கரை மீட்கும் வேலையில் இதே குழுவைத்தான் ஆலோசகர்களாக வைத்தார்கள். 2011 ஜனவரியில் திறந்த அந்த அடையாறு பூங்கா, தொல்காப்பியப் பூங்கா, பொழுதுபோக்குப் பூங்கா அல்ல. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து கற்கும் இடம்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கோட்டூர்புரம். 2005-ல் தொடங்கிய 'நிழல்' என்ற அமைப்பு, அடுத்த ஆண்டு அங்கே ஆற்றோரம் குப்பை கொட்டிய இடத்தை நாட்டு மரங்கள் நிற்கும் மரப்பூங்காவாக மாற்றத் தொடங்கியது. பெரும்பகுதி தன்னார்வலர்கள் கையால் நடந்த வேலை. அவர்கள் மக்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக மரம் பார்க்கப் போவார்கள். கிளையை எப்படி வெட்ட வேண்டும், வேரைச் சுற்றிய சிமெண்டை ஏன் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் விழுந்தவற்றில் குல்மோகர் போன்ற அயல் மரங்கள் ஏராளம். அதன்பின்தான் பலரும் எந்த மரம் நடுகிறோம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த எல்லா இடத்திலும் பணம் கொடுத்தவர், வரைபடம் போட்டவர், குழி தோண்டியவர் மூவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். நாம் அதைச் செய்யவில்லை. கான்ட்ராக்டருக்கு நம் மண் தெரியாது, எனக்குச் செடி தெரியாது. இரண்டும் தெரிந்தவரிடம் நான் கொட்டேஷனைக் காட்டினேன்.

அடுத்த பொதுக்குழுவுக்கு

வேலியை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கோடை வெயில் நேராகத் தரைத்தள வீடுகளில் அடிக்கும். ஒரு பக்கச் சுவராக எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் குழி தயார் செய்து மாற்றிக்கொண்டே வரலாம். வேலிக்கு நொச்சி, ஆடாதோடை, காட்டு எலுமிச்சை. நடைபாதை ஓரம் ஆவாரை. நிழலுக்குப் புங்கமும் மகிழமும்; புங்கம் இலை உதிர்த்தாலும் வெயில் ஏறுவதற்குள் புதுத் தளிர் விட்டுவிடும். மழைநீர் தேங்கும் பின்பக்க மூலைக்கு நீர்க்கடம்பு. நாவலைக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பழம் விழுந்தால் சண்டை என்னிடம்தான் வரும். உதிர்ந்த இலையைக் கூட்டி வெளியே அனுப்பாமல் செடிக்கு அடியிலேயே போட்டால் ஈரம் காயாது, மண்ணும் வளரும்.

அதைவிட முக்கியமானது, ஒரு தோட்ட வாரியம் வேண்டும். பன்னிரண்டு பேர், ஓராண்டு. சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர் என்ற வித்தியாசம் வேண்டாம். பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். தோட்டக்காரப் பெரியவருக்கு அதில் ஓர் இடம் வேண்டும், கூட்டம் நடக்கும்போது நாற்காலியும் வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வளாகத்தைச் சுற்றி வரட்டும். அந்த நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடுப்போம். சொல்லிக் கொடுப்பதும் வேலைதான்.

921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரும் குடத்தில் போகாது. கணக்கு எழுதுபவர் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்படைத்து, சரி என்று பெரியவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி கணக்கு எழுதலாம்.

அந்த விதிப்படி பொருளாளர் என்ற முறையில் நான் ஒப்படைக்க வேண்டிய கணக்கு இது. வேலியின் பில், மூன்று கொட்டேஷன்கள், இதுவரை அதற்கு ஆன பராமரிப்புச் செலவு எல்லாம் அலுவலக அறையில் ஒரு கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொதுக்குழுவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வாருங்கள். பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் கொட்டேஷன் வாங்குவேன்.